ரக்பி ஃபார்வர்டுக்கு எந்த ஒப்பந்தம்? உள்நாடு, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான்: ஓர் ஒப்பீடு

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு சீசன் இருக்கும்போதே ஏஜென்ட் பேச ஆரம்பித்துவிடுவார். பிரான்சில் ஒரு கிளப் கேட்கிறது, ஜப்பானில் ஒரு நிறுவன அணி கேட்கிறது, இருக்கிற இடத்திலும் "இன்னும் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போயேன்" என்கிறார்கள். எதற்குத் தலையாட்டுவது? தொழில்முறை ரக்பி யூனியனில் ஃபார்வர்டாக (முன்னால் நின்று மோதித் தள்ளும் எட்டுப் பேரில் ஒருவராக) ஆடுகிறவர்கள், அவர்கள் வீட்டார், அகாடமியில் காத்திருக்கும் பையன்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது.

கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் சம்பளத் தொகையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பின்னால் நின்று ஓடியும் உதைத்தும் ஆடும் விங்கருக்கும் ஃப்ளை ஹாஃபுக்கும் அது ஓரளவு போதும். ஃபார்வர்டுக்குப் போதாது. ஸ்க்ரமில் (இரு அணியின் எட்டெட்டுப் பேர் பிணைந்து முட்டும் இடம்) தள்ளுவதும், ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்கான குவியல்) போய் விழுவதும், 'மால்' என்ற, பந்தைப் பிடித்தவரைச் சுற்றிய கூட்டத்தைக் கட்டி நகர்த்துவதும், ஓடிவருகிறவனைத் தோளால் நிறுத்துவதும்தான் அவர் வேலை. அந்த உடம்பு வருஷக் கணக்கில் தேய்வதைவிட ஆட்டக் கணக்கில்தான் அதிகம் தேய்கிறது. ஆகவே சம்பளத்தை ஆண்டுகளால் வகுப்பதை விட்டுவிட்டு, ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள். அப்போது விரும்பிய வரிசை தலைகீழாக மாறுவதும் உண்டு.

## முதலில் அளவுகோல்கள்

ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கிளப் 100 ரூபாய் தருகிறது, 30 ஆட்டம். இன்னொன்று 90 ரூபாய், 18 ஆட்டம். முதலாவதில் ஆட்டத்துக்கு மூன்று ரூபாய் சொச்சம், இரண்டாவதில் ஐந்து. இதோடு முடியவில்லை. இரண்டாவது இடத்தில் மிச்சமாகும் 12 ஆட்டங்கள் உங்கள் தொழிலின் பின்பகுதியில் இன்னொரு ஒப்பந்தமாகத் திரும்பி வரக்கூடும்.

பயிற்சியில் எவ்வளவு மோதல். சனிக்கிழமை ஆட்டத்தை எல்லோரும் எண்ணுகிறார்கள், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை யாரும் எண்ணுவதில்லை. 2021-இல் உலக ரக்பி நிர்வாக அமைப்பான வேர்ல்ட் ரக்பியும் வீரர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் தந்தன: முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும். இது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. கிளப்புக்குக் கிளப், பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மாறும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அணியில் இப்போது ஆடுகிற ஒரு ப்ராப்பிடம் (ஸ்க்ரமின் முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவர்) தனியாகக் கேட்டுவிடுங்கள். நிர்வாகத்திடம் கேட்டால் எல்லோரும் 15 என்றுதான் சொல்வார்கள்.

தேசிய சட்டை. எந்த நாட்டுக்கு ஆடத் தகுதி, அந்த நாட்டின் சங்கம் வெளிநாட்டில் ஆடுகிறவர்களைத் தேர்வு செய்யுமா என்பது. இது பெருமை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, வருமானமும்கூட.

பணம் கைக்கு வருமா. காகிதத்தில் இருக்கும் தொகை வேறு, கணக்கில் ஏறும் தொகை வேறு. கீழே இங்கிலாந்துப் பகுதியில் ஏன் என்று தெரியும்.

முதுகில் என்ன எண். ஃபார்வர்ட் என்று எட்டுப் பேரையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற பெரிய தவறு. 1 லூஸ்ஹெட் ப்ராப், 2 ஹூக்கர், 3 டைட்ஹெட் ப்ராப், இவர்கள் முன்வரிசை; 4, 5 லாக்; 6, 7 ஃப்ளாங்கர், 8 நம்பர் எயிட், இந்த மூவரும் பேக் ரோ. 1-ஆம் எண்ணும் 3-ஆம் எண்ணும்கூட ஒரே வேலை செய்வதில்லை. நடுவர் குனியச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, மோதச் சொல்லும் அந்த நொடியில் 3-ஆம் எண்ணான டைட்ஹெட் ப்ராப்பைப் பாருங்கள். அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் செருகிக்கொள்கிறது. இரண்டு தோளிலும் இரண்டு பேர். பின்னாலிருந்து சொந்த அணியின் லாக் முட்டுகிறார், முன்னாலிருந்து எதிரணி எட்டுப் பேரின் எடை வருகிறது, இரண்டும் கழுத்திலும் முதுகெலும்பிலும் சந்திக்கின்றன. லூஸ்ஹெட்டுக்கோ ஒரு பக்கம் காலி, கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. அதனால்தான் நல்ல டைட்ஹெட் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலையும் அதிகம். அணியில் முதலில் வாங்க வேண்டியது டைட்ஹெட், இரண்டாவதாக வாங்க வேண்டியது மாற்று டைட்ஹெட் என்று ரக்பிக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பாதிக்கு மேல் வேடிக்கை இல்லை.

## ஒரே பார்வையில்

| | உள்நாட்டுச் சங்க ஒப்பந்தம் (அயர்லாந்து, நியூசிலாந்து) | இங்கிலாந்து பிரீமியர்ஷிப் | பிரான்ஸ் டாப் 14 | ஜப்பான் லீக் ஒன் |
|---|---|---|---|---|
| லீக் சுற்று ஆட்டங்கள் | சூப்பர் ரக்பி (நியூசிலாந்து அணிகள் ஆடும் லீக்) 14, யுஆர்சி (அயர்லாந்து அணிகள் ஆடும் லீக்) 18 | 18 | 26 | 18 |
| அதற்கு மேல் | நாக்அவுட், டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), அயர்லாந்துக்கு ஐரோப்பியக் கோப்பை | நாக்அவுட், ஐரோப்பியக் கோப்பை, உள்நாட்டுக் கோப்பை | நாக்அவுட், ஐரோப்பியக் கோப்பை | நாக்அவுட் மட்டும் |
| உடல் மீதான சுமை | சங்கமே கட்டுப்படுத்தும் | நடுத்தரம் | கடுமை | குறைவு |
| பணம் | நடுத்தரம், உறுதியானது | நடுத்தரம், கிளப்பைப் பொறுத்தது | அதிகம் | அதிகம் |
| தேசிய வாய்ப்பு | முழுமை | இங்கிலாந்து வீரருக்கு முழுமை | உங்கள் நாட்டைப் பொறுத்தது | உங்கள் நாட்டைப் பொறுத்தது |
| மறைந்திருக்கும் செலவு | பேரம் பேச இடமில்லை | கிளப் திவால் | தொடர் ஆட்டம், தரமிறக்கம் (கீழ்நிலை லீக்குக்கு இறங்குவது) | அந்நியர் ஒதுக்கீடு, திரும்பி வருவது |

## உள்நாட்டிலேயே இருப்பது

அயர்லாந்தில் நான்கு மாகாண அணிகள், மேலே ஒரே சங்கம். முக்கியமான வீரர்களுக்குச் சங்கமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. சம்பளம் தருகிறவரும் தேசிய அணியை நடத்துகிறவரும் ஒருவரே என்பதால், ஒரு ப்ராப் எந்த வாரம் ஆட வேண்டும், எந்த வாரம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில் இழுபறி குறைவு. லூஸ்ஹெட் சியன் ஹீலி 2009-இல் டெஸ்ட் ஆட ஆரம்பித்து 2025 வரை ஆடியதும், பிரையன் ஓ'டிரிஸ்காலின் 133 டெஸ்ட் சாதனையைத் தாண்டியதும் இந்த ஏற்பாடு இல்லாமல் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதுவும் ஒரு முன்வரிசை ஆட்டக்காரர்!

அயர்லாந்து ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு சலுகையும் இருக்கிறது. விளையாட்டு வீரர் ஓய்வு பெறும்போது, தேர்ந்தெடுத்த பத்து ஆண்டுகள் வரையிலான ஆட்ட வருமானத்தில் 40 சதவீதத்துக்கு வரிக்கழிவு கேட்டு, கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம். விளம்பர வருமானம் இதில் சேராது. பிரான்சிலிருந்து வரும் தொகையை அயர்லாந்துத் தொகையோடு ஒப்பிடும்போது இதையும் தட்டில் வைக்காவிட்டால் கணக்கு தப்பு.

நியூசிலாந்தில் விதி கறாரானது. வெளிநாட்டில் ஆடினால் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் சட்டை கிடையாது. ஆனால் மூத்த வீரர்களுக்கு இடைவிடுப்பு (சில காலம் வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்பும் அனுமதி) என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். லாக் பிராடி ரெடாலிக் 2019 உலகக் கோப்பை முடிந்ததும் ஜப்பானின் கோபே அணிக்குப் போனார், திரும்பி வந்தார், 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கருப்புச் சட்டையில் ஆடினார், பிறகு மறுபடியும் கோபே. ஃப்ளாங்கர் ஆர்டி சவேயாவும் அதே கோபேவில் ஒரு சீசன் ஆடிவிட்டுத் திரும்பினார். சட்டையையும் காசையும் ஒரே கையில் பிடிக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. என்ன, அதைக் கேட்கும் தகுதி வர அதற்கு முன்பே பெரிய ஆளாக ஆகியிருக்க வேண்டும். ஐந்து டெஸ்ட் ஆடிய 24 வயது ஃப்ளாங்கர் இடைவிடுப்பு கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, சங்கத்துக்குப் போட்டியே இல்லை என்பது. வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலையையும் அவர்தான் சொல்வார். அப்புறம், உங்கள் இடத்தில் தேசிய அணியின் முதல் தேர்வும் இரண்டாம் தேர்வும் ஏற்கெனவே இருந்தால், வராத சட்டைக்காகக் குறைந்த சம்பளத்தில் காலத்தை ஓட்டுவதாக ஆகிவிடும். தென்னாப்பிரிக்கர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. எங்கே ஆடினாலும் அவர்கள் தேசிய அணியான ஸ்பிரிங்பாக்ஸ் தேர்வு செய்யும். அவர்கள் கீழேயுள்ள பகுதிகளை நிம்மதியாகப் படிக்கலாம்.

## இங்கிலாந்து பிரீமியர்ஷிப்

2022 அக்டோபர் 17 அன்று, திவாலான வாஸ்ப்ஸ் கிளப்பில் வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள் என 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. சில நாள் முன்புதான் வூஸ்டர் விழுந்திருந்தது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். பதின்மூன்று அணிகளாக இருந்த லீக் பத்தாகச் சுருங்கியது. முழு மூன்றாண்டு ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் அந்த வாரம் தெருவில்தான் நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் ஃப்ளாங்கர் ஜாக் வில்லிஸ். சில வாரங்களில் பிரான்சின் துலூஸ் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் ஆடுகிறவர்களை இங்கிலாந்து பொதுவாகத் தேர்வு செய்யாது. ஆனால் கிளப் விழுந்ததால் வந்த நிலை என்று சலுகை கொடுத்து, 2023 உலகக் கோப்பை வரை அவரை ஆடவிட்டார்கள். பிறகு அவர் துலூஸிலேயே தங்கிவிட முடிவு செய்தார். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் டாப் 14 பட்டம், நடுவில் 2024-இல் ஐரோப்பியக் கோப்பை. இங்கிலாந்து சட்டை மட்டும் போனது. அவர் தேர்ந்தெடுத்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. வயதும் உடம்பும் உச்சத்தில் இருக்கும்போது, உலகின் சிறந்த கிளப் ஒன்றில், சம்பளம் நிச்சயமாக வரும் இடத்தில் இருந்தார். ஆனால் இது முன்னமே தெரிந்திருக்க வேண்டிய விலை. அவருக்கு முன்பே ஸ்டெஃபன் ஆர்மிடேஜ் 2014-இல் பிரான்சின் துலோன் கிளப்பில் ஆடி ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கியும், 2015 உலகக் கோப்பைக்கு அவரை இங்கிலாந்து கூப்பிடவில்லை.

பிரீமியர்ஷிப்பின் சாதகம் எங்கே? இங்கிலாந்து தேசிய அணியில் இடம்பிடிக்கக் கூடியவருக்கு அதுவே முதல் தேர்வு. 2024 முதல் ஆங்கில சங்கம் முக்கிய வீரர்களுக்குக் கிளப் சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1,60,000 பவுண்டு தரும் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தது. முதல் சுற்றில் 17 பேர். கிளப்பின் சம்பள உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டு என்று இருக்கும்போது இது சின்னத் தொகை இல்லை. லீக் 18 ஆட்டமாகக் குறைந்தது ஃபார்வர்டுகளுக்குத் தற்செயலாகக் கிடைத்த வரம். டைட்ஹெட் டான் கோல் லெஸ்டர் கிளப்பில் தொடங்கி 2025-இல், 38 வயதில், அதே லெஸ்டரில் முடித்தார். இங்கிலாந்துக்கு 118 டெஸ்ட். ஒரே கிளப்பில் ஒரு ப்ராப் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவர் போதும்.

தேசிய அணியின் கண்ணில் படாத ஆங்கிலேயராகவோ, வெளிநாட்டவராகவோ இருந்தால் இந்தச் சாதகங்கள் எதுவும் உங்களுக்கு வராது. மிஞ்சுவது உரிமையாளரின் பணப்பை மட்டும். கிளப்பின் ஆண்டுக் கணக்கறிக்கை பொதுவில் கிடைக்கும் ஆவணம். எடுத்துப் படியுங்கள், புரியாவிட்டால் ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

## பிரான்ஸ் டாப் 14

பணம் இங்கேதான். கிளப்புகளின் சம்பள உச்சவரம்பு ஒரு கோடி யூரோவைத் தாண்டுகிறது, மைதானங்கள் நிரம்புகின்றன, தொலைக்காட்சி உரிமை கொழிக்கிறது. இரண்டாம் நிலையான ப்ரோ டி2-விலும் நல்ல சம்பளம் உண்டு. இங்கிலாந்தின் கர்ட்னி லாஸ், 2024-இல் நார்தாம்ப்டனோடு பிரீமியர்ஷிப் பட்டம் வென்ற கையோடு ப்ரீவ் அணிக்குப் போனாரே, அது இரண்டாம் நிலை அணி.

பதிலுக்கு அவர்கள் கேட்பது ஆட்டம். லீக் சுற்றிலேயே 26. அதன் மேல் நாக்அவுட், ஐரோப்பியக் கோப்பை. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் மோதும் ஆறு நாடுகள் போட்டி நடக்கும் காலத்திலும் லீக் முழுதாக நிற்பதில்லை. பிரெஞ்சு தேசிய வீரர்கள் அணியை விட்டுப் போயிருக்கும் அந்தக் குளிர்கால வாரங்களில், ஈரமான மைதானத்தில், ஸ்க்ரமை நம்பியே ஜெயிக்க வேண்டிய வெளியூர் ஆட்டங்களுக்காகத்தான் உங்களை வாங்குகிறார்கள். டெஸ்ட் ரக்பியிலிருந்து ஓய்வு பெற்ற முன்வரிசைக்காரருக்கு இங்கே திடீரென்று மதிப்பு கூடுவதன் ரகசியம் இதுதான். அவர் எந்த வாரமும் காணாமல் போகமாட்டார். இதன் இருண்ட பக்கம் பசிபிக் தீவு வீரர்களுக்குத் தெரியும். வீரரைத் தேசிய அணிக்கு விட வேண்டும் என்று விதி இருந்தாலும், "போய்த்தான் ஆக வேண்டுமா?" என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு விதி, உள்ளூரில் வளர்ந்தவர்கள் ஆட்ட நாள் 23 பேரில் சராசரியாக 16 பேர் இருக்க வேண்டும் என்பது. மிச்சம் ஏழு இடம். அந்த ஏழில் ஒன்றை உங்களுக்குக் கொடுத்தால், முழங்கால் வலிக்கிறது என்று நீங்கள் உட்கார்வதை யாரும் ரசிக்கமாட்டார்கள். பத்தொன்பது, இருபது வயதிலேயே போய் அங்கே அகாடமியில் வளர்ந்தவருக்குக் கதை வேறு. லாக் இமானுவேல் மியாஃபு நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, துலூஸில் காலூன்றி, 2024-இல் பிரான்ஸ் சட்டையையே போட்டார். இப்போது குடியிருப்புத் தகுதிக்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும், மூன்று போதும் என்ற காலம் போய்விட்டது.

கார்ல் ஹேமனைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. தன் காலத்தின் மிகச் சிறந்த டைட்ஹெட். 2007 உலகக் கோப்பைக்குப் பிறகு நியூசிலாந்தை விட்டு நியூகாசிலுக்குப் போனார், அங்கிருந்து துலோன். 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். கனவு வாழ்க்கை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2021-இல், 41 வயதில், தனக்கு இளவயது மறதிநோய் வந்திருப்பதை அவரே வெளியே சொன்னார். ஒரு வருஷம் முன்பு இங்கிலாந்தின் முன்னாள் ஹூக்கர் ஸ்டீவ் தாம்சனும் அதையே சொல்லியிருந்தார், 2003-இல் உலகக் கோப்பையை வென்றது தனக்கு நினைவில் இல்லை என்று. தாம்சன் ஆடியதில் பெரும்பகுதி இங்கிலாந்தில். ஆகவே பிரான்ஸ் என்ற நாட்டைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆட்டங்களை யாரும் எண்ணவில்லை, பயிற்சியில் விழுந்த அடிகளை நிச்சயமாக எண்ணவில்லை. இப்போது உயர்மட்டப் போட்டிகளில் சென்சார் வைத்த பல்கவசம் வந்துவிட்டது. மூளையதிர்ச்சி என்றால் பெரும்பாலும் அடுத்த வார ஆட்டம் கிடையாது. நிலைமை தேறியிருக்கிறது. 26 இன்னும் 26-ஆகத்தான் இருக்கிறது.

## ஜப்பான் லீக் ஒன்

"ஓய்வு பெறப் போகிறவர்களின் ஊர்" என்று ஜப்பானைக் கேலி செய்கிறவர்கள் இரண்டு பெயர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேர்ல்ட் ரக்பியின் 2024 சிறந்த வீரர் விருது பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட்டுக்கு, 2025 விருது மால்கம் மார்க்ஸுக்கு. ஒருவர் ஃப்ளாங்கர், இன்னொருவர் ஹூக்கர். இருவரும் அந்தச் சமயம் சம்பளம் வாங்கியது ஜப்பானில்: டொயோட்டா, குபோட்டா நிறுவன அணிகளில். டிசம்பரில் தொடங்கி கோடையின் தொடக்கத்தில் சீசன் முடிந்துவிடுகிறது, கண்டப் போட்டி எதுவும் இல்லை, ஆட்டம் வேகமானது ஆனால் ஸ்க்ரமிலும் மாலிலும் அரைத்தெடுக்கிற பாணி குறைவு. டெஸ்ட் ஆட்டத்துக்கு உடம்பு மிச்சமிருக்கிறது. ஆட்டத்தால் வகுக்கும் கணக்கில் நான்கில் முதலிடம் இதற்குத்தான்.

அணிகளின் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருப்பதால் சம்பளம் தேதி தவறாது. குடும்பத்தோடு வாழ வசதி. ஆனால் வேறு நாட்டுக்கு டெஸ்ட் ஆடியவர்கள் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் களத்தில் இருக்கலாம் என்பதால் போட்டி அந்த மூன்று இடத்துக்குள். ஒரு லாக், ஒரு பேக் ரோ, ஒரு ஃப்ளை ஹாஃப் என்று வாங்குவது வழக்கம். ப்ராப்புக்கு அந்த இடத்தைச் செலவழிக்க அணிகள் யோசிக்கும். இன்னொன்று, மூன்று வருஷம் இங்கே ஆடிய டைட்ஹெட் ஐரோப்பாவுக்குத் திரும்பினால், முதல் சில மாதம் ஸ்க்ரமில் திண்டாடத் தயாராக இருக்க வேண்டும். 2023 உலகக் கோப்பைக்குப் பின் டோஷிபாவுக்குப் போன ஷானன் ஃபிரிசல் போல நியூசிலாந்துக்காரராக இருந்தால், இடைவிடுப்பு இல்லாத பயணம் ஆல் பிளாக்ஸ் கதவைச் சாத்திவிடும்.

## யாருக்கு எது

டைட்ஹெட் ப்ராப்: அவசரப்படாதீர்கள். ப்ராப் முற்றுவதே 28-க்கு மேல்தான். அதுவரை உள்நாட்டிலோ பிரீமியர்ஷிப்பிலோ இருந்து தேசிய சட்டையைத் தேடுங்கள், 31-இல் பிரான்ஸ் உங்களை மறுக்காது. பிரான்சுக்குப் போனால், ஆட்ட எண்ணிக்கையோடு நிமிடங்களையும் பேசுங்கள். 50 நிமிடத்தில் மாற்றப்படும் ப்ராப்பின் 26 ஆட்டம், 80 நிமிடம் ஆடும் லாக்கின் 26 ஆட்டம் இல்லை.

ஹூக்கர்: 2023 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவின் போங்கி எம்போனாம்பி ஆரம்ப நிமிடங்களிலேயே காயப்பட்டு வெளியேற, 37 வயது டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க நின்றார். 12-11 என்று கோப்பை வந்தது. ஃப்ளாங்கராகவும் ஆடத் தெரிந்த ஹூக்கருக்கு வயதானாலும் வேலை உண்டு. எந்த நாடும் சரி, லைன்அவுட் (வெளியே போன பந்தைக் கோட்டிலிருந்து எறிய, இரு வரிசையும் எகிறிப் பிடிப்பது) எறிதல் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும்.

லாக்: லைன்அவுட்டை நடத்துகிறவரா என்பதுதான் முக்கியம். அப்படியானால் மொழிதான் உங்கள் மறைமுகச் செலவு. சங்கேத வார்த்தைகளை நொடியில் பிரெஞ்சிலோ ஜப்பானிய மொழியிலோ கத்த வேண்டும். முதல் சீசனில் அந்தப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் மதிப்பும் கொஞ்சம் இறங்கும். ஆக மூன்றாண்டுக்குக் குறைந்து போகாதீர்கள். வில் ஸ்கெல்டன் மாதிரி எடையால் பிழைக்கிற லாக்குக்கு இந்தக் கவலை இல்லை. பிரான்சின் லா ரோஷெல் கிளப்பில் 2022, 2023 இரண்டு ஐரோப்பியக் கோப்பை வென்று, ஆஸ்திரேலியாவின் கேப்டனாகவும் உலகக் கோப்பைக்குப் போனார்.

ஃப்ளாங்கர், நம்பர் எயிட்: சந்தையில் கூட்டம் அதிகம், தேய்மானமும் சீக்கிரம். தேசிய அணியில் நிலையான இடம் இல்லையென்றால் 26, 27-லேயே ஜப்பானைக் கேட்டுப் பாருங்கள். 32 வரை தள்ளிப்போட்டால் அந்த மூன்று இடத்துக்கு உங்களைவிடப் பெரிய பெயர்கள் வரிசையில் நிற்கும்.

2025-இல் பேசப்பட்ட ஆர்360 என்ற புதிய லீக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் சேர்ந்தால் தேசிய அணி கிடையாது என்று நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து உட்பட எட்டுச் சங்கங்கள் சேர்ந்து அறிவித்தன, தொடக்கமும் 2028-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே போனாலும் ஒப்பந்தத்தில் மூன்று பக்கங்களைச் சம்பளப் பக்கத்துக்கு முன் படியுங்கள். காயத்தால் எத்தனை மாதம் ஆடாவிட்டால் கிளப் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று ஒரு ஷரத்து. அணி தரமிறங்கினால் தொகை என்னாகும் என்று இன்னொன்று. மூன்றாவது, தொழிலை முடிக்கும் காயத்துக்கான காப்பீடு. அதில் "ஏற்கெனவே இருந்த பாதிப்பு" என்று எதையெல்லாம் தள்ளிவைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பத்து வருஷம் ஸ்க்ரமில் நின்ற ப்ராப்பின் கழுத்து அந்தப் பட்டியலில் இருந்தால், காப்பீடு இருந்தும் இல்லாத மாதிரிதான். அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் தனியாகக் காப்பீடு எடுக்கும் தொகையைச் சம்பளத்தில் கூட்டச் சொல்லுங்கள்.